எடைமேடை வேலையும் சஃபோக் கிராமத்து தேவாலயங்களும்

இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில் நார்ஃபோக், சஃபோக் என்று இரண்டு மாவட்டங்கள். அங்கே பண்ணைகளிலும் தானியக் கிடங்குகளிலும் இருக்கும் எடைமேடைகளைச் சரிபார்ப்பது என் வேலை. லாரியை மேலே ஏற்றிச் சரக்கோடு நிறுப்பார்களே, நம் ஊர் கரும்பு ஆலை வாசலில் இருக்கும் அதே மேடைதான். இங்கே கரும்புக்குப் பதில் சர்க்கரை பீட் விளைகிறது. செப்டம்பரில் தோண்ட ஆரம்பித்தால் பிப்ரவரி, மார்ச் வரை லாரி லாரியாக ஆலைக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் எனக்கு அலைச்சல் அதிகம் இருப்பது குளிர்காலத்தில்தான். ஒரு பண்ணையில் வேலை முடித்து அடுத்த பண்ணைக்குக் கிளம்பும்போது நடுவில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் வழியில் உள்ள கிராமத்து தேவாலயத்துக்குப் போய்விடுவேன். சில வருடமாக இதுதான் பழக்கம்.

"கோடையில் போய்ப் பாருங்கள், சுற்றிலும் பூவாக இருக்கும்" என்பார்கள் இங்குள்ளவர்கள். வெளியே நின்று பார்ப்பதற்கு அது சரி. உள்ளே பார்ப்பதற்கு டிசம்பரும் ஜனவரியும்தான் சிறந்த மாதங்கள் என்பேன். காரணம் சூரியன். டிசம்பர் கடைசியில் இந்தப் பகுதியில் உச்சிப்பொழுதில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 14 டிகிரி உயரம்தான் ஏறுகிறது. தெற்கு ஜன்னல் வழியாக வரும் வெயில் தரையில் விழாமல் நேராக உள்ளே ஓடி எதிரே வடக்குச் சுவரில் போய் விழும். பழைய ஓவியங்கள் பல அந்தச் சுவரில்தான் இருக்கின்றன. குழந்தை இயேசுவைச் சுமந்து ஆற்றைக் கடந்தவர் என்று கதை சொல்லும், பயணிகளின் காவலரான புனித கிறிஸ்டோபரைப் பெரும்பாலும் தெற்கு வாசலுக்கு நேர் எதிரே வடக்குச் சுவரில்தான் வரைந்தார்கள். வழிப்போக்கன் கதவைத் திறந்ததும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும் என்பது கணக்கு. கோடையில் மங்கிய சிவப்புக் கறையாகத் தெரிவது, ஜனவரி மதிய வெயிலில் தடியும் தண்ணீரும் மீனுமாகப் பிரிந்து தெரியும்.

இன்னொன்றும் உண்டு. இந்த தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிகளில் பெரும்பகுதி 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அடித்து நொறுக்கப்பட்டது. சிலையும் படமும் விக்கிரக வழிபாடு என்று எண்ணிய காலம் அது. அப்புறம் வெறும் கண்ணாடி போட்டார்கள். இழப்பு பெரிய இழப்புதான், அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் உள்ளே வரும் வெள்ளை வெளிச்சமும் அதனால் வந்ததுதான்.

நார்ஃபோக்கில் மட்டும் 600க்கும் மேற்பட்ட மத்திய கால தேவாலயங்கள் நிற்கின்றன. வயல் நடுவில், பத்து வீடு இருக்கும் ஊரில், சில இடங்களில் வீடே இல்லாத இடத்தில். ஆட்டு ரோமமும் துணி நெசவும் இந்தப் பகுதிக்குக் கொட்டிக் கொடுத்த பணம் அது. பக்கத்தில் கட்டடக் கல் கிடையாது. நிலத்தில் கிடைத்த சிக்கிமுக்கிக் கல்லைச் சுண்ணாம்புக் காரையில் பதித்தே சுவர் எழுப்பினார்கள். வட்டக் கோபுரங்களும் இங்கேதான் அதிகம். இங்கிலாந்தில் மிச்சமிருக்கும் சுமார் 180 வட்டக் கோபுர தேவாலயங்களில் 120க்கு மேல் நார்ஃபோக்கில் உள்ளன. உருண்டைக் கல்லை வைத்து மூலை திருப்புவது கடினம், அதனால்தான் வட்டம் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அதை மறுப்பவர்களும் உண்டு.

முதலில் எங்கே போவது என்று கேட்பவர்களை நான் சஃபோக்கில் உள்ள வென்னஸ்டனுக்கு அனுப்புகிறேன். சின்ன ஊர், சின்ன தேவாலயம். உள்ளே மரப்பலகையில் தீட்டிய கடைசி நியாயத்தீர்ப்பு ஓவியம், அதாவது உலக முடிவில் கடவுள் எல்லோருக்கும் தீர்ப்பு சொல்லும் காட்சி, இருக்கிறது. 1500ஆம் ஆண்டை ஒட்டி வரைந்தது. பலிபீடப் பகுதிக்கு முன்னால் இருக்கும் வளைவை அடைத்து, சபையார் தலைக்கு மேலே, தப்ப முடியாதபடி வைத்திருந்தார்கள். மதச் சீர்திருத்தம் வந்தபோது அதன்மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். 1892இல் கட்டடத்தைப் பழுதுபார்த்தவர்கள், வெறும் பழைய பலகை என்று கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். இரவு மழை பெய்தது. சுண்ணாம்பு கரைந்து, காலையில் பலகையில் முகங்கள் தெரிந்தன.

நான் எப்போதும் பார்ப்பது அதில் அதிதூதர் மிக்கேல் பிடித்திருக்கும் தராசை. ஒரு தட்டில் ஓர் ஆத்மா, மறு தட்டில் குட்டிப் பிசாசுகள், பக்கத்தில் பெரிய பிசாசு வழக்காடிக்கொண்டு நிற்கிறது. எடைமேடைக்காரன் கண்ணுக்கு இது வேறு மாதிரித்தான் படும். பீட் காலத்தில் மேடைக்கு அடியில் சேறு சேர்ந்து இறுகிவிடும், மேடை லேசாக உராயும், பூஜ்யம் நகர்ந்துவிடும். விவசாயிக்கும் ஆலைக்கும் நடுவில் நியாயம் என்பது அந்தச் சேற்றைச் சுரண்டி எடுப்பதில் இருக்கிறது. காலையில் மண்டியிட்டு அந்த வேலையைச் செய்துவிட்டு, மதியம் இந்தத் தராசின் முன்னால் நிற்கும்போது, 500 வருடத்துக்கு முன்னால் இதே வயல்களில் உழைத்தவர்கள் இதைப் பார்த்து எதற்குப் பயந்திருப்பார்கள் என்பது எனக்குப் புரிகிறது. சரியாக நிறுப்பானா என்ற பயம் எல்லாக் காலத்துக்கும் பொது.

இடது பக்கம் புனித பேதுரு சாவியோடு நின்று மேலுலகத்துக்கு வருபவர்களை வரவேற்கிறார். வருபவர்கள் உடம்பில் துணி இல்லை. அரசன் தலையில் கிரீடம், ஆயர் தலையில் அவருக்குரிய தொப்பி, அவ்வளவுதான். வலது ஓரத்தில் நரகத்தின் வாய் பெரிய மிருகத்தின் வாயாகத் திறந்திருக்கிறது. பலகையின் நடுவே வண்ணமே இல்லாத மூன்று இடங்கள். ஒன்று சிலுவை வடிவம், மற்ற இரண்டும் நிற்கும் மனித வடிவம். சிலுவையில் இயேசுவும், இரு பக்கமும் மரியாளும் யோவானும் மரச்சிற்பமாகப் பொருத்தப்பட்டிருந்த இடங்கள் அவை. சிற்பம் மறைக்கும் இடத்தில் எதற்கு வண்ணம் என்று ஓவியர் விட்டுவிட்டார். சிற்பங்கள் போய்விட்டன, அவற்றின் உருவம் மட்டும் வெறும் பலகையாக நிற்கிறது.

அங்கிருந்து காரில் பத்து நிமிடத்துக்குள் ப்ளைத்பரோ. ஏ12 சாலையில் போகும்போதே சதுப்பு நிலத்துக்கு மேலே கப்பல் போலத் தெரியும். 15ஆம் நூற்றாண்டில் கட்டிய மிகப் பெரிய தேவாலயம். மேற்கூரையின் நடு உத்தரத்தில் தேவதூதர்கள் சிறகு விரித்து, முதுகோடு முதுகாக இரண்டிரண்டாக வரிசையில் இருக்கிறார்கள். பழைய சிவப்பும் பச்சையும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1644இல் வில்லியம் டௌசிங் என்பவர், உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்த பாராளுமன்றத் தரப்பின் ஆணையோடு சஃபோக் முழுக்கச் சுற்றி உருவங்களை அழித்தார். இங்கே 20 தேவதூதர்களை இறக்க வேண்டும் என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். கூரை அவ்வளவு உயரம், பல தப்பிவிட்டன. மரத்தில் துப்பாக்கி ரவைகள் இருந்ததால் டௌசிங் ஆட்கள் சுட்டார்கள் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். 1970களில் பழுதுபார்த்தபோது, அவை 18ஆம் நூற்றாண்டில் கூரையில் கூடு கட்டிய காக்கை இனப் பறவைகளைச் சுட்டபோது பட்டவை என்று தெரிந்தது.

கூரையைப் பார்த்துவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள். பெஞ்சு ஓரங்களில் கிறிஸ்தவம் சொல்லும் ஏழு பெரும் பாவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சோம்பல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறது, பெருந்தீனி வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வடக்குக் கதவில் கருகிய தடங்கள் உண்டு. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் பெரும் புயல் அடித்து, கோபுர உச்சி கூரையைப் பிளந்து விழுந்து, உள்ளே இருந்தவர்களில் சிலர் இறந்தார்கள். கறுப்பு நாய் உருவில் வந்த பிசாசின் நகக்கீறல் அந்தத் தடம் என்று ஊரில் கதை. கதவருகே குனிந்து பாருங்கள், விரல் பருமனில் கரி பாய்ந்த நீளக் கோடுகள்.

இப்போது நேரத்தைப் பற்றி. டிசம்பர் நடுவில் இங்கே மூன்றே முக்கால் மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மூன்று மணிக்கே உள்ளே எதுவும் தெரியாது. எனவே முடிந்தால் காலை பதினொன்றரையிலிருந்து பிற்பகல் இரண்டுக்குள் போங்கள். வேலையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள முடியும் என்றால் காலைச் சந்திப்பைச் சீக்கிரம் வையுங்கள், அடுத்ததை இரண்டரைக்குத் தள்ளுங்கள். வேலை முடித்துவிட்டு மாலையில் போகலாம் என்ற யோசனை குளிர்காலத்தில் நடக்காது. இரண்டு மூன்று தேவாலயங்களை அவசரமாகத் தொட்டுவிட்டு ஓடுவதைவிட ஒன்றில் முக்கால் மணி நேரம் நிற்பது நல்லது. கண் அந்த மங்கலுக்குப் பழகவே பத்து நிமிடம் ஆகும். சின்ன பைனாகுலர் ஒன்று காரில் இருக்கட்டும், கூரைக்கு அது இல்லாமல் முடியாது. சில இடங்களில் வாசல் பக்கத்திலேயே அழுத்தினால் சில நிமிடம் எரிந்து தானாக அணையும் விளக்கு பொத்தான் இருக்கும். அதைத் தேடுங்கள்.

குளிர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே வெளியைவிடக் குளிராக இருக்கும். கல் சுவர், கல் தரை, ஞாயிறு தவிர மற்ற நாளில் ஹீட்டர் கிடையாது. குளிர் காலிலிருந்துதான் ஏறும். கம்பளிச் சாக்ஸும் கனத்த அடிப்பாகம் உள்ள ஷூவும் வேண்டும். பண்ணைச் சேறு ஒட்டிய பூட்ஸோடு நுழையாமல், காரில் வேறு ஒரு ஜோடி வைத்திருங்கள். செருப்பைக் கழற்றிப் பழகியவர்கள் நாம், ஆனால் இங்கே யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை, அந்தத் தரையில் வெறுங்காலும் ஆகாது. கடும் உறைபனிக்குப் பிறகு திடீரென்று இளஞ்சூடான ஈரக்காற்று வீசும் நாட்களில் தரை முழுக்க வியர்த்து வழுக்கும். செங்கல், ஓடு பாவிய தரையில் கவனம்.

சாலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிராமத்துப் பாதைகள் ஒரு கார் அகலம்தான். இரண்டு பக்கமும் வேலி, எதிரே பீட் ஏற்றிய டிராக்டர். பின்னால் எடுத்து ஒதுங்கும் இடம் எங்கே இருந்தது என்று வரும்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிராக்டர் டயரிலிருந்து விழும் சேறு தூறலில் நனைந்தால் பனியைப் போலவே வழுக்கும். வேலி நிழல் விழும் திருப்பங்களில் காலைப் பனி மதியம் வரை இளகாமல் கிடக்கும். ஜிபிஎஸ்ஸில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் அது நான்கைந்து பண்ணைகளுக்குப் பொதுவாக இருக்கும், யாரோ ஒருவர் முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தும். ஆர்டினன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை நிறுவனத்தின் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் கோபுரம் உள்ள தேவாலயம் சதுரத்தின் மேல் சிலுவை, கூரான உச்சி உள்ளது வட்டத்தின் மேல் சிலுவை, இரண்டும் இல்லாதது வெறும் சிலுவை. பல கிராமங்களில் சிக்னல் கிடைக்காது என்பதால் முன்கூட்டியே இறக்குவதுதான் வழி. அலுவலகத்தில் ஒருவருக்கு "இந்த ஊரில் இருக்கிறேன், இத்தனை மணிக்குக் கிளம்புவேன்" என்று ஒரு வரி அனுப்பிவிடுவேன். புல் ஓரத்தில் காரை ஏற்றாதீர்கள், ஜனவரி மண்ணில் சக்கரம் இறங்கிவிடும். வயல் கேட்டை அடைத்தும் நிறுத்தக் கூடாது. மேலே செலவான மைலைக் கம்பெனிக் கணக்கில் எழுதாமல் தனியாகக் கழித்துவிடுவது என் வழக்கம். இந்தச் சந்தோஷம் சுத்தமாக என்னுடையதாக இருக்கட்டும்.

கதவு பூட்டியிருக்கிறது என்று திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் பூட்டியிருக்காது. பெரிய இரும்பு வளையத்தை இரண்டு பக்கமும் திருகிப் பாருங்கள், உள்ளே தாழ் தூக்குவது கேட்கும், அப்புறம் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். முன்னால் கம்பி வலைக் கதவு இருந்தால் அது பறவை நுழையாமல் இருக்க, மறக்காமல் சாத்துங்கள். நிஜமாகவே பூட்டியிருந்தால் முன்மண்டபப் பலகையில் சாவி யாரிடம் என்று எழுதியிருக்கும்.

ஒரு முறை அப்படிச் சாவி வாங்கப் போன வீட்டில் எண்பதை நெருங்கும் ஓர் அம்மா கதவைத் திறந்தார். என் கம்பெனிச் சட்டையையும் அடையாள அட்டையையும் பார்த்துவிட்டு, "மீட்டர் பார்க்க வந்தீர்களா?" என்றார். தேவாலயத்தைப் பார்க்க வேண்டும் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளங்கையைவிட நீளமான இரும்புச் சாவியை எடுத்துக் கொடுத்து, "முடித்துவிட்டுக் கதவைத் தட்டிக் கையில் கொடுங்கள், இது தபால் துளையில் நுழையாது" என்றார். நான் கிறிஸ்தவன் இல்லை, பார்க்கலாம்தானே என்று கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமை இங்கே ஆறு பேர் வருகிறோம். வருகிறவர் யாராக இருந்தாலும் எங்களுக்கு விருந்தாளிதான்" என்றார். பல கிராமங்களுக்குச் சேர்த்து ஒரே போதகர், மாதம் ஒரு ஆராதனை, கூரை ஓட்டிலிருந்து சாக்கடை வரை ஊரார் பணம். அரசு சம்பளமோ பராமரிப்போ கிடையாது. இந்தப் பெருங்கட்டடங்கள் நிற்பது இப்படிப்பட்ட ஆறு பேரால்தான்.

அதனால் பணம் போடாமல் வெளியே வருவதில்லை. சுவரில் பதித்த சின்ன இரும்புப் பெட்டிக்கு நாணயம் வேண்டும். சில இடங்களில் கார்டு தொடும் கருவி வந்துவிட்டது, ஆனால் சிக்னல் இல்லாத ஊரில் அதை நம்ப முடியாது. இங்கே வருமான வரி கட்டுகிறவர்கள் என்றால் பக்கத்தில் இருக்கும் கிஃப்ட் எய்ட் உறையில் பெயர், முகவரி எழுதிப் போடுங்கள், ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் கூடுதலாகத் தரும். வருகைப் புத்தகத்திலும் ஊரையும் தேதியையும் எழுதுங்கள். பழுதுபார்க்க மானியம் கேட்டு விண்ணப்பிக்கும்போது இத்தனை பேர் வந்தார்கள் என்று காட்ட அது உதவுகிறது.

ஊராரால் தாங்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதை கோவ்ஹைத்தில் பார்க்கலாம். கடலோரம். ப்ளைத்பரோ அளவுக்குப் பெரிய தேவாலயம் கட்டினார்கள், ஊர் சுருங்கியது, பராமரிக்க வழியில்லை. 1672இல் அனுமதி வாங்கிக் கூரையைக் கழற்றி, அந்தச் சுவர்களுக்கு நடுவிலேயே அதே கல்லை வைத்துச் சின்னதாக வேய்ந்த கூரை தேவாலயம் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். கோபுரத்தை மட்டும் இடிக்கவில்லை, கப்பல்களுக்கு அடையாளமாக இருந்தது. இன்றும் வானம் தெரியும் பிரம்மாண்டமான ஜன்னல் சட்டங்களுக்குக் கீழே அந்தச் சின்ன வீடு நிற்கிறது. சாலை இன்னும் கொஞ்ச தூரம் போய் கடலோரச் செங்குத்துச் சரிவின் விளிம்பில் அறுந்து நிற்கும், வருடா வருடம் கடல் நிலத்தைத் தின்கிறது. தடுப்பைத் தாண்டிப் போகாதீர்கள், குளிர்கால மழையில் விளிம்பு உதிரும்.

ஐ என்ற ஊருக்குப் பக்கத்தில் ப்ரூம். அங்கே வட்டக் கோபுர தேவாலயத்துக்குள் கார்ன்வாலிஸ் குடும்பத்து முன்னோர்களின் கல்லறைகள், கணவனும் மனைவியும் கல்லில் படுத்திருக்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் வந்தவர்தான் கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸ். 1792இல் திப்பு சுல்தானோடு அவர் செய்துகொண்ட உடன்படிக்கையில்தான் திண்டுக்கல்லும், சேலம், கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போயின. என் ஊர் வத்தலக்குண்டு. எங்கள் தாத்தாவின் தாத்தா யாருக்கு வரி கட்டினார் என்பதைத் தீர்மானித்த குடும்பத்தின் பூட்டன்கள் முன்னால் நிற்கும்போது மனம் லேசாக இல்லை. அவரே இங்கே இல்லை, 1805இல் காஜிப்பூரில் இறந்து கங்கைக் கரையில் புதைக்கப்பட்டார்.

அங்கிருந்து ஏ140 சாலையைத் தாண்டினால் தார்ன்ஹம் பார்வா. வேய்ந்த கூரை, கோபுரத்துக்கும் அதே மாதிரி வேய்ந்த தொப்பி. உள்ளே பலிபீடத்துக்குப் பின்னால் 1330களில் தீட்டிய பலகை. நடுவில் சிலுவை, இரு பக்கமும் நான்கு நான்காக எட்டுப் புனிதர்கள், பொன்னிறப் பின்னணி. 1927இல் பக்கத்து மாளிகையின் குதிரை லாயத்து மேல்தளத்தில் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் பல வருடம் சுத்தம் செய்து 2003இல் திரும்பவும் இங்கேயே கொண்டுவந்து வைத்தார்கள். இதே பட்டறையிலிருந்து வந்த இன்னொரு பலகை பாரிஸில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இது மட்டும் சஃபோக் வயல் நடுவே. பீட் வேலை முடியும் பிப்ரவரி நடுவில் அங்கே போனால் ஐந்து மணி வரை வெளிச்சம் இருக்கும், அவசரப்பட வேண்டியதில்லை. பலகை கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால் உச்சி வெயிலில் பளபளப்பு மறைக்கும், கொஞ்சம் இடது பக்கமாக நகர்ந்து நின்று பாருங்கள்.